அறுபது வாங்கினால் தேர்ச்சியல்ல!

பள்ளிக்கூடத்திலே அறுபது மதிப்பெண் என்றால் முதல் வகுப்பு. பிள்ளை ஓடிவந்து சொல்லும். நாமும் மிட்டாய் வாங்கிக் கொடுப்போம். ஆனால் தோழர்களே, வேறொரு தேர்வு இருக்கிறது. அதிலே அறுபது வாங்கியவர் உடனே இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்!

சென்னையிலே டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைத்தான் சொல்கிறோம். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். ஒரு நாடாவும் நான்கு கேள்விகளும் போதும். வயது 35-க்கு மேல் என்றால் 20, 50-ஐ எட்டினால் 30. தாய் தந்தையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-ம் தொட்டால் 10; அதற்கு மேலும் பத்துச் சென்டிமீட்டர் ஏறினால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. கடின உழைப்பு அல்லது பயிற்சி, இரண்டில் ஒன்றிருந்தால் 20. இரண்டும் இருந்தால் சுழி. மொத்தம் நூற்றுக்கு அறுபதும் அதற்கு மேலும் அதிக அபாயம்.

கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஆம்பூரிலே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் ஒரு சகோதரி, வயது 42. காலை முதல் மாலை வரை மிஷின் முன்னே. எழுந்தால் பீஸ் குறையும், குறைந்தால் சூப்பர்வைசர் வருவார். இடுப்பு 86, தாய்க்குச் சர்க்கரை. கூட்டுங்கள்: 20, 10, 30, 10. எழுபது! வாணியம்பாடியிலே ஈரத்தோலை டிரம்மிலிருந்து இழுத்துப்போடும் தோழருக்கும் அதே 42. இடுப்பு 88, குடும்பத்திலே நோயில்லை. அவருக்கு நாற்பது. இருவருக்கும் இடையே முப்பது வித்தியாசம். அதில் பத்து அவர்கள் செய்யும் வேலை போட்ட மதிப்பெண். "நீ ஏனம்மா நடக்கவில்லை?" என்று அந்தச் சகோதரியைக் கேட்பவர்கள், நடக்க நேரம் கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டாமா?

நிற்க. எழுபது என்று சொன்னவுடன் அந்தச் சகோதரி என்ன நினைப்பார்? "எனக்கு நோய் வந்துவிட்டது" என்று அழுவார். அல்லது "நூற்றுக்கு எழுபது பங்கு வரும்" என்று எண்ணுவார். இரண்டும் தவறு. இது நோயின் தீர்ப்பல்ல. யாரை முதலில் சோதிப்பது என்று பொறுக்கும் சல்லடை. சல்லடையிலும் ஓட்டை உண்டு. அதை வகுத்த ஆய்விலேயே, தமக்குத் தெரியாமல் நோயோடு இருந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர்தான் அறுபதுக்கு மேல் வந்தார்கள். மற்றவர்கள் தப்பிப் போனார்கள். நோயில்லாதவர்களிலும் நூற்றுக்கு நாற்பது பேர் சிக்கினார்கள். ஆகவே நாற்பது வாங்கிய டிரம் தோழரும் மார்தட்ட வேண்டாம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கையிலே திணிப்பது அரைகுறை வேலை.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயின் வாசற்படியிலே நின்ற 531 பேரைப் பிரித்து மூன்றாண்டுகள் பார்த்தார்கள். வெறும் பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்து சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 39. "28.5 சதவிகிதம் குறைந்தது" என்பது ஏட்டு வழக்கு. "நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள்" என்று தொழிலாளியிடம் சொல்லுங்கள், புரியும். 39 பேர் தப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு ஏமாந்தோம் என்று எவரும் திட்டமாட்டார்.

ஏன் இவ்வளவு அக்கறை? 2023-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வின்படி நாட்டிலே நோயுள்ளவர் 10 கோடிக்கு மேல். வாசற்படியில் நிற்பவர் 13 கோடிக்கு மேல். முற்றினால் பாதம் மரத்துப்போகும்; ஆணி குத்தினாலும் தெரியாது. நம் வட்டாரத்துக்கு இது புதுக் கதையல்ல. காட்பாடிக்கருகே கரிகிரியிலே, தொழுநோயால் மரத்த கால்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைப் பழக்கியவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். அந்த ரப்பர்தான் இன்று நீரிழிவுக் காலுக்கும் போகிறது. உலகத்தின் கால்களுக்கு ஜோடு தைக்கும் ஊர், தன் காலை இழக்கலாமா?

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கிற்று. 2024-இல் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சோதனைத் தாள் யார் கைக்குப் போகிறது? தொழிலாளியின் கைக்கே போகவேண்டும். மேனேஜர் மேசைக்கு அல்ல. எழுபது வாங்கியவரை ஆள்குறைப்புப் பட்டியலில் முதலில் எழுத இன்னொரு காரணம் கிடைத்துவிடக் கூடாது. ஷிப்டுக்கு இரண்டு முறையாவது பத்து நிமிடம், கூலி பிடித்தமின்றி எழுந்து நடக்க இடைவேளை வேண்டும் என்பதைச் சங்கக் கோரிக்கையிலே சேர்க்கச் சொல்கிறோம்.

கிளை அலுவலகத்திலே ஒரு நாடா தொங்கட்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர் தம்மையே ஏய்க்கிறார். அறுபதைத் தொட்டவர், மறுநாள் காலை டீ குடிக்காமல் வெறும் வயிற்றோடு அரசு மருத்துவமனைக்கோ இ.எஸ்.ஐ.-க்கோ போகட்டும். நூறுக்குக் கீழே என்றால் இப்போதைக்குச் சரி; 126-ம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். நடுவிலே நிற்பவர்தான் அந்தப் பதினாறு பேரில் ஒருவராக இருக்கக்கூடியவர்.