துப்பாக்கி போதாது, பட்டி வேண்டும்

தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுத்துப் பழகிய எங்கள் ஆட்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பயிரை அழிக்கும் விலங்கை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை 11-ஆம் பிரிவில் உங்கள் பதவிக்குத்தான் கொடுத்திருக்கிறது. நிற்கும் பயிரும் சொத்துதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

காட்டுப்பன்றி எங்கள் வெள்ளாமையில் இரண்டு தடவை கை வைக்கும். புரட்டாசியில் விதை போட்ட ராத்திரியே வந்து, சால் தப்பாமல் முகரையால் கிளறிக்கொண்டே போய் விதையைப் பொறுக்கிவிடும். மறுவிதைப்புக்கு விதையும் வாங்க வேண்டும், ஈரமும் இருக்க வேண்டும். தப்பிப் பிழைத்தது கதிர் வாங்கிப் பால் பிடிக்கையில் மறுபடி வரும். தட்டையை நெஞ்சால் தள்ளிச் சாய்த்து, கதிர்த்தோலைக் கிழித்து, நாலு கடி கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் தின்றதைவிட மிதித்ததுதான் அதிகமாகக் கிடக்கும். கிழிந்த கதிரில் பால் காயாமல் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும்.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாயிற்று. சலூனில் முடி அள்ளி வந்து வரப்பில் தூவியாயிற்று. அழுகின முட்டையைக் கரைத்துத் தெளித்தாயிற்று. நாய் குரைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடிய விடிய ஓட்டினார்கள். நாலு நாளைக்குக் கேட்கும். அப்புறம் அந்தச் சத்தத்திலேயே மேயும்.

2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம். அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கம் சந்தோஷப்பட்டார்கள். காப்புக்காடு எங்களுக்கு வெகுதூரம் என்பதால் காகிதத்தில் நாங்கள்தான் அதிர்ஷ்டக்காரர்கள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பன்றி காட்டிலிருந்து வருவதே இல்லை. அது கண்மாயில் இருக்கிறது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிற கண்மாய்க்குள் மதியம் குனிந்து நுழைந்து பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மரத்தூரெல்லாம் சேறு தேய்த்திருக்கும். புல்லையும் சுள்ளியையும் குவித்து மெத்தை மாதிரி போட்டிருந்தால், அங்கே ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டிருக்கிறது. அங்கேயே பிறந்து அங்கேயே ஈனுகிற பன்றிக்குக் காட்டு எல்லையிலிருந்து கிலோமீட்டர் அளந்து என்ன பயன்? பெரிய கண்மாய் நீர்வளத்துறைக்கு, சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு, பன்றி உங்களுக்கு, சோளம் எங்களுக்கு என்று பங்கு பிரிந்து கிடக்கிறது. கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன.

இனி, சுடுவது பற்றி. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இருட்டில் ஒரு பன்றியைச் சுட்டால் மிச்சமெல்லாம் சிதறி ஓடி, இன்னும் இரண்டு ஊர்க் கண்மாயில் புகுந்துகொள்ளும். அடுத்த தடவை வெளிச்சத்தைக் கண்டாலே நிற்காது. பெரும்பாலும் குண்டுக்கு அகப்படுவது தனியாகத் திரிகிற கொம்பன் பன்றிதான். போட்டோவுக்கு அது நன்றாக இருக்கும். கூட்டத்தை நடத்துவதும் பெருக்குவதும் பெட்டைகள். நாலு மாதத்துக்குள் சினை முடிந்துவிடும், ஈத்துக்கு நாலைந்து குட்டி என்று அவை பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய செலவில் படித்திருக்கிறார்கள். ஸ்பானியர்கள் 1539-இல் ஃபுளோரிடாவில் கொண்டுவந்து இறக்கிய வீட்டுப்பன்றியின் வழியும், பிற்பாடு வேட்டைக்கென்று கொண்டுபோன காட்டுப்பன்றியின் வழியும் கலந்து, இன்றைக்கு அங்கே அறுபது லட்சத்துக்கு மேல் பன்றிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். டெக்சாஸ் மாநிலம் 2011-இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கே சட்டம் போட்டது. ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு பன்றியை எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமலாவது நிற்கும் என்று அங்கத்திய பல்கலைக்கழகத்தார் கணக்குச் சொல்கிறார்கள். ஹெலிகாப்டர் வைத்திருக்கிறவர்களே அந்தக் கணக்கை எட்டவில்லை. டென்னசி மாநிலம் 1999-இல் யாரும் எப்போதும் வேட்டையாடலாம் என்று திறந்துவிட்டது. வேட்டை ருசி கண்டவர்கள் பன்றி இல்லாத ஊருக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள்! 2011-இல் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. கான்சாஸ் 2006-இலேயே பன்றி வேட்டைக்குத் தடை போட்டது. மிசூரியின் இயற்கைவளத் துறை 2016-இல் தன் நிலங்களில் வேட்டையை நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு பிடிப்பது என்று இறங்கியது. பன்றியால் நஷ்டப்படுகிற மாநிலம் பன்றி வேட்டையைத் தடுப்பது முதலில் கேட்கும்போது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

அவர்கள் பிடிக்கிற முறை நமக்குப் புதிதில்லை, ஆட்டுக்குப் பட்டி போடுகிற ஊர்தானே இது. ஆள் மார்பளவு உயரத்துக்குக் கம்பிவலைத் தட்டிகளை வட்டமாக நட்டு, ஒரு வாசல் விடுகிறார்கள். மூலை இருக்கக் கூடாது. இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். ஊறவைத்துப் புளித்த மக்காச்சோளத்தை உள்ளே போட்டு, வாசலைத் திறந்தபடி நாள்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முதலில் குட்டிகள் நுழையும், அப்புறம் இளசுகள், கடைசியில்தான் கிழட்டுத் தாய். மரத்தில் கட்டிய கேமராவில் ராத்திரி ராத்திரி எண்ணிக்கொண்டே இருந்து, கடைசிப் பன்றியும் உள்ளே வந்தபிறகு கைபேசியிலிருந்தே கதவை இறக்குகிறார்கள். ஒன்றைக்கூட வெளியே விடக் கூடாது என்பதுதான் இதில் உயிர்நாடி. பாதிக் கூட்டத்தோடு அவசரப்பட்டுக் கதவைப் போட்டால் மீதிப் பாதி ஜென்மத்துக்கும் பட்டிப் பக்கம் வராது.

அப்படி அடைத்த பிறகு உங்கள் பணியாளர் பக்கத்திலிருந்து சுடட்டும். மேடு பள்ளமில்லாத கரிசலில் குறி தப்பிய தோட்டா எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. புஞ்சையில் காவலுக்குப் படுத்திருக்கிற ஆளும் இருப்பான், வெளிமானும் இருக்கும். பட்டிக்குள் அந்தப் பயம் இல்லை. செத்ததை ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கறியாக வெளியே போக ஆரம்பித்தால் டென்னசிக் கதைதான்; பன்றி குறையாமல் பார்த்துக்கொள்ள நாலு பேர் கிளம்புவார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 3 கிலோமீட்டருக்குள் பிடித்ததைக் காட்டில் விடச் சொல்கிறீர்கள். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்து, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. ஊர்ப்பக்கம் வளர்ப்புப் பன்றியோடு சாக்கடையும் குப்பைமேடும் பகிர்ந்த பன்றியை லாரியில் ஏற்றிப் புலிகள் இரை தேடுகிற காட்டுக்குள் விடுவது யாருக்கு நல்லது? காட்டில் பன்றி இருக்க வேண்டும். புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது சோறு. அதனாலேயே ஊர்ப் பன்றியை அங்கே கொண்டுபோகக் கூடாது.

பன்றியைத் தீங்குயிரியாக அறிவித்துவிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சில சங்கங்கள் கேட்கின்றன. வயிற்றெரிச்சல் நியாயம்தான், ஆனால் "நாங்களே பார்த்துக்கொள்வது" எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே பார்க்கிறோம். பன்றிக்கென்று தீனிக்குள் வெடி மறைத்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து சாகின்றன. 2020-இல் பாலக்காட்டில் சினையானை அப்படித்தான் ஆற்றில் நின்றபடி செத்தது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் போயின. பைக் கேபிளில் போட்ட சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. இருட்டில் தண்ணி பாய்ச்சப் போன மனிதர்களும் கள்ள மின்வேலிக் கம்பியில் சாகிறார்கள். அதைச் செய்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், மறுக்கவில்லை. அவனுக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்கு முன்னால் வருகிற கேள்வி.

கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை. வனச்சரகத்துக்கு இரண்டு மூன்று பட்டியும் கேமராவும் கொடுங்கள். சோளம் நாங்கள் போடுகிறோம், ராத்திரிக் கணக்கை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், கதவை உங்கள் ஆள் இறக்கட்டும். எந்தக் கண்மாயில் பன்றி அடைகிறது என்று ஊர்க்காரரிடம் கேட்டு, அந்தக் கண்மாய்க் கருவேலத்தை முதலில் எடுக்கச் சொல்லி நீர்வளத்துறைக்கும் ஒன்றியத்துக்கும் நீங்களே எழுதுங்கள். பட்டியில் கூட்டம் விழுந்த பிறகுதான் புதரில் பொக்லைன் இறங்க வேண்டும், முந்தினால் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வயலில் தீனி இல்லாத வைகாசி, ஆனியில்தான் பன்றி பட்டிச் சோளத்துக்கு லேசில் மசியும். புரட்டாசியில் உத்தரவு வந்தால், ஊரெல்லாம் விதை கிடக்கும்போது பட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. சித்திரை முடிவதற்குள் ஆணை கிடைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரிசல்காட்டு மக்காச்சோள விவசாயி ஒருவன்