பட்டியலில் தொலையும் கிளிநொச்சி

கிளிநொச்சி என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? அரிச்சுவடி படித்த பிள்ளை கி, ளி, நொ, ச், சி என்று விரல்விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். பைத்தன் நிரல்மொழியைக் கேட்டால் பத்து என்கிறது. ஒருங்குறியில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. ககரத்துக்கு ஓர் எண், இகரக் குறிக்கு வேறோர் எண், புள்ளிக்கு மற்றோர் எண். அச்சொல்லை வரிசைப்படுத்தச் சொன்னால் க, ச, ச, ந, ள என்பன முன்னே நிற்கும். மூன்று இகரக் குறிகளும் ஓர் ஒகரக் குறியும் ஒரு புள்ளியும் பின்னே குவிந்து கிடக்கும். முறையான வரிசையோ கி, ச், சி, நொ, ளி என்பதாகும்.

இது நிரலாளர்களின் புதிர்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர்ப் பட்டியல்களும் இவ்வாறே அடுக்கப்படுகின்றன. தமிழுக்கான ஒருங்குறி அட்டவணை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட குறியீட்டின் அச்சில் அமைந்தது. தொல்காப்பியர் இறுதியில் வைத்த னகரம் அங்கே நகரத்தை அடுத்து நிற்கிறது. ஆகவே கமலாவுக்கு முன்னே கனகம்மா வருகிறார். புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பின்னே இருப்பதால் அம்பிகாவை முந்திக்கொண்டு அமுதா வருகிறார்.

தேடலில் நேர்வது இதனிலும் பெரிய கேடு. 'நொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியும் இரண்டையும் சமமென்றே கொள்கிறது. அவ்விதியைப் பின்பற்றாத மென்பொருளுக்கோ அவை இருவேறு ஊர்கள். ஒருவிதமாகப் பதிந்த கிளிநொச்சியை மறுவிதமாகத் தேடினால் 'இல்லை' என்று விடை வரும்.

வன்னி மக்களுக்கு இந்த 'இல்லை' புதிதன்று. 2009இல் போர் முடிந்தபோது இலட்சக்கணக்கானோர் முகாம்களில் பதியப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெயர் மறைக்கப்படுவது அரசியல். அதற்கு மென்பொருள் மருந்தாகாது. ஆனால் பதிவில் உள்ள பெயரையே இல்லையென்று சொல்லும் இயந்திரத்தை நம்பி, தேடி வந்த தாயை ஓர் எழுதுவினைஞர் திருப்பி அனுப்புவாரானால், அது மன்னிக்கத் தக்க பிழையன்று.

குற்றம் தமிழுடையதுமன்று, ஒருங்குறியுடையதுமன்று. இருவகைக் குறிகளை ஒன்றாக்கும் முறையையும், வரிசைப்படுத்தும் நெறியையும் ஒருங்குறி அமைப்பே வெளியிட்டிருக்கிறது. அந்நெறியில் ழ, ள, ற, ன தத்தம் தமிழ் இடங்களிலேயே நிற்கின்றன. பைத்தனில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்பதே நம் நிலை.

என் வேண்டுகோள் எளியது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் அலுவலகம் எதுவாயினும், மென்பொருளை ஏற்குமுன் மூன்று சோதனைகளைச் செய்யட்டும். கிளிநொச்சியை ஐந்து எழுத்தாக எண்ணுகிறதா? இருவிதமாக எழுதினாலும் கண்டுபிடிக்கிறதா? கமலாவுக்குப் பின்னே கனகம்மாவை வைக்கிறதா? இவற்றில் ஒன்றில் தவறினாலும், பணம் கொடுக்குமுன் அதைத் திருப்பி அனுப்புங்கள். திரும்பிப் போக வேண்டியது மென்பொருளே. பெயரைத் தேடி வந்தவர் அல்லர்.