கொரியக் கோழியும் நம் வீட்டுப் பேத்திகளும்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் கொரியாவைத் திட்டாமல் கலைவதில்லை. காரைக்குடியில் மாலை நடைக்குப் போனாலும் இதே பேச்சுதான். பேத்தி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு புரியாத பாஷையில் பாடுகிறாள், அறை முழுக்கப் பையன்கள் படம், வீட்டில் கோழி வறுவல் இருக்கும்போது ‘கொரியன் சிக்கன்’தான் வேண்டுமாம். கண்டித்து வைத்தால்தான் உருப்படும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நான் சிறுபான்மை.

தீர்ப்புச் சொல்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவது 2024 ஜனவரியில் வந்த செய்தி. கரூர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமிகள் மூன்று பேர், பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்க சியோலுக்குப் போவதென்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். கையில் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். நல்லவேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. பதிமூன்று வயதுக் குழந்தைகள் பணம் சேர்த்து, வழி விசாரித்து, துறைமுகம் வரை யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய அந்த உலகத்துக்குள் எட்டிப் பார்க்கப் பெரியவர் ஒருவர் இருந்திருக்கலாமே என்றுதான். இன்னொன்று, அந்த மாதம் அந்தக் குழுவின் ஏழு பேருமே கட்டாய ராணுவப் பணியில் இருந்தார்கள். சியோலில் போய் இறங்கியிருந்தாலும் மேடையில் பார்த்திருக்க முடியாது. இந்த விவரத்தை எனக்குச் சொன்னவள் என் பேத்தி. சொன்ன இடம், சென்னையில் ஒரு கொரியக் கோழிக் கடை.

பல்லவனில் போய் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவள்தான் அழைத்துக்கொண்டு போனாள். சுவர் முழுக்கப் பாடகர்கள். பெரிய திரையில் ஆட்டம் பாட்டம். எந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போடுகிறார்கள். சத்தம்தான் தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டாமா? பரிமாறும் பையனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கொஞ்சம் குறைத்தான். அதன் பிறகுதான் பேச்சே ஆரம்பமானது.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. மாவில் ஸ்டார்ச் கலந்து மெல்லிசாகப் பூசி ஒரு முறை பொரித்தெடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் பொரிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உருளைக்கிழங்கை இப்படித்தான் இரண்டு முறை பொரிப்பார்கள். மேலே பூண்டு, மிளகாய் விழுது, இனிப்பு சேர்ந்த குழம்பு. தொட்டுக்கொள்ள புளிப்பும் இனிப்புமாக வெள்ளை முள்ளங்கித் துண்டு. காரம் நம் ஊருக்குப் போதாது, இனிப்பு அதிகம். ஆனால் மொறுமொறுப்பில் நம் வறுவல் தோற்றுவிடும். இதைச் சொன்னதற்கு வீட்டில் ஒரு நாள் எனக்குக் காபி வரவில்லை.

அந்நியச் சாப்பாடு என்று முகம் சுளிக்கிற உரிமை செட்டிநாட்டுக்கு உண்டா என்ன? விசேஷத்துக்கு வைக்கிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்று நம் ஆச்சிகளே பெருமையாகச் சொல்வார்கள். வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஐந்நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன் நம்மிடமும் அது கிடையாது, கொரியாவிலும் கிடையாது. கொரியச் சாப்பாடு சென்னைக்கு வந்ததும் வியாபார வழிதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வைத்து 1998இல் சான்ட்ரோ கார் வந்தது. கூடவே கொரிய இன்ஜினியர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட ஹோட்டல்கள் வந்தன.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954இல் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அந்தப் படிப்பு நடந்தது. லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று ஒப்பிப்பேன், வைகை எங்கே பிறக்கிறது என்று தெரியாது. வாத்தியார் பிரம்போடு நிற்க, அர்த்தம் புரியாமலே பாட்டும் பாடினோம். அதனால் நான் பிரெஞ்சுக்காரன் ஆகிவிடவில்லை. புதுச்சேரி அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேத்தியை யாரும் பிரம்பைக் காட்டி மிரட்டவில்லை. தானாகவே கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டு, மெனு அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். “அப்பாவுக்கு அங்கேயும் அப்பாதான் தாத்தா, அம்மாவுக்கு ஓம்மா” என்றாள். பாட்டுகளுக்கு அர்த்தமும் சொன்னாள். பரீட்சை பயம், தோற்றுப்போவது, தனிமை. பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரு பெண் பேசாமல் இருக்கிறாள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்தது. அவள் அம்மாவுக்குக்கூட அதுவரை தெரியாது.

அந்த மேஜையில் நானும் ஒன்று சொன்னேன். கொரியாவில் 1997 பண நெருக்கடியில் வேலை போனவர்களில் பலர் கிடைத்த பணத்தைப் போட்டுக் கோழிக் கடை வைத்தார்கள். எத்தனையோ பேர் அதிலும் நஷ்டப்பட்டார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிற எனக்கு, அடுத்த துண்டை எடுக்கும்போது அது ஞாபகத்தில் இருந்தது. பேத்திக்கு இது புதுச் செய்தி. உடனே செல்போனில் தேடிப் பார்த்தாள்.

ஆகவே நண்பர்களே, படத்தைக் கிழிப்பதற்கு முன் ஒருமுறை கூடப் போய்விட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம். வேலை நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் காலியாக இருக்கும், பாட்டையும் குறைத்து வைப்பார்கள். பல் சரியில்லாதவர்கள் எலும்பில்லாததாகக் கேளுங்கள். அதுவும் இருக்கிறது.