‘வண்டி இழுக்கல, புகை தள்ளுது...’ வடசென்னை டிரெய்லர்களுக்கு லட்சத்தில் செலவு வைக்கும் இன்ஜெக்டர்: என்ன பிரச்னை?

சென்னை துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் இருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பது வடசென்னைக்குப் புதிதல்ல. அந்த வரிசையால் மக்கள் படும் அவதி செய்தியாகிறது. அது இன்ஜினுக்குள் என்ன செய்கிறது என்பது செய்தியாவதில்லை.

"வண்டி இழுக்கல", "மிஸ்ஸிங் அடிக்குது", "காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று ஷெட்டுக்கு வரும் டிரெய்லருக்கு, "ஆறு இன்ஜெக்டரும் போச்சு" என்று பதில் வந்தால் பில் லட்சத்தைத் தாண்டும். ஒரே ஒரு வண்டியை வைத்து, அதற்கும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது சாதாரண செலவு இல்லை.

முன்பு இவ்வளவு செலவு ஆகவில்லையே?

ஆகவில்லைதான். பழைய இன்ஜின்களில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. நாசில் சுமார் 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். பக்கத்தில் உள்ள டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கழற்றிக் கொடுத்தால், முனையை மட்டும் மாற்றி, அழுத்தம் சரிபார்த்து, அன்றைக்கே மாட்டிவிடலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதிகள் வந்தன. டீசலில் கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்-ல் இருந்து 10 ஆகக் குறைந்தது. காற்றுக்கு அது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால், அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த காமன் ரெயில் தொழில்நுட்பம் இப்போது கட்டாயம் போலாகிவிட்டது. இதில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல். ஒரு சுழற்சியில் பல முறை திறந்து மூடும் இன்ஜெக்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. உள்ளே பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் என்றால், டீசலில் வரும் தூசி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடசென்னையில் ஏன் சிக்கல் அதிகம்?

முதல் காரணம், அந்த வரிசை. மணிக்கணக்கில் இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டால் வெப்பம் போதுமான அளவு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் முனையில் கரி படியும். தெளிப்பு சிதறும், புகை கூடும். பி.எஸ்.6 வண்டியில் அந்தக் கரி சைலன்சர் பக்கம் உள்ள ஃபில்டரையும் அடைக்கும். அது தனி செலவு.

இரண்டாவது, தண்ணீர். கடலோர ஈரக்காற்றில் பாதி காலியாக நிற்கும் டேங்கின் உள்பக்கம் இரவில் நீர்த்துளி படியும். மழை வெள்ளத்தில் பங்க்குகளின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கும் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இந்தப் பகுதி எப்படி மூழ்கியது என்பது இங்கு இருப்பவர்களுக்கு மறக்காது. நீர் கலந்த டீசலில் வழுவழுப்பு குறையும், துரு பிடிக்கும்.

மூன்றாவது, மலிவு ஆசை. லிட்டருக்கு சில ரூபாய் குறைகிறது என்று கேனில் வாங்கும் டீசலில் மண்ணெண்ணெயோ கரைப்பானோ கலந்திருந்தால், மிச்சம் பிடித்ததை இன்ஜெக்டர் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

செலவு எவ்வளவு?

கம்பெனியையும் மாடலையும் பொறுத்து விலை மாறும். உதாரணத்துக்கு வரி இல்லாமல் ஒன்று 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கு 1,20,000. முன்பு 28% ஜி.எஸ்.டி, அதாவது 33,600 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18% என்பதால் 21,600. ஆக 12,000 ரூபாய் குறைவு. கூலியும் வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பும் இதில் சேரவில்லை.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டால்? லிட்டருக்கு 4 கி.மீ கொடுத்த வண்டி 3.6-க்கு இறங்கினால், மாதம் 3,000 கி.மீ ஓட்டத்துக்கு 83 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் என்றாலே 7,600 ரூபாய்க்கு மேல். அதைவிட மோசம், திறந்தபடி சிக்கிக்கொள்ளும் இன்ஜெக்டர். டீசல் ஒழுகி ஆயிலில் கலக்கும், பிஸ்டன் தலையே உருகி ஓட்டை விழலாம். அப்புறம் இன்ஜெக்டர் விலை சின்னதாகத் தெரியும்.

ஆறையும் மாற்றத்தான் வேண்டுமா?

எப்போதும் இல்லை. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஃபில்டர் அடைப்பு, காற்று இழுப்பு, இன்ஜெக்டருக்குக் கீழே உள்ள செப்பு வாஷர் கசிவு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். முதலில் ஸ்கேனர், பிறகு எந்த இன்ஜெக்டரில் இருந்து டீசல் அளவுக்கு மீறித் திரும்புகிறது என்று பார்க்கும் ரிட்டர்ன் டெஸ்ட். இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பழுதான ஒன்றிரண்டை மட்டும் ரீகண்டிஷன் செய்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால், டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட் தராத கடையில் செய்வது சூதாட்டம். பல மாடல்களில், மாட்டிய இன்ஜெக்டரின் கோடு எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டால், புது இன்ஜெக்டரிலும் இன்ஜின் நடுங்கும்.

அன்றாடம் செய்யக்கூடியது ஒன்றுதான் முக்கியம்: ஃபில்டருக்குக் கீழே சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவது. டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அடுத்த லோடு வரை காத்திருக்கக் கூடாது. பங்க்கில் சந்தேகம் வந்தால் டென்சிட்டி பார்க்கச் சொல்லலாம், வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. பதிவேட்டில் உள்ளதற்கும் அளந்ததற்கும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த டீசல் வேண்டாம்.

டீசல் போட்ட பில்லையும் பத்திரமாக வையுங்கள். வழக்கமான வாகன இன்சூரன்ஸ், இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. வாரண்டி இருந்தாலும் கலப்பட எரிபொருளால் வந்த பழுது என்று சொல்லிவிட்டால், எங்கே டீசல் போட்டீர்கள் என்பதைக் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்தச் சீட்டு மட்டும்தான்.