உரியிறது வார்னிஷ்தான், வாங்கு இல்லை

வெளியில் கிடக்கிற மர வாங்கு ஒன்றில் வார்னிஷ் உரியத் தொடங்கினால் எங்கட ஊர்களில் இரண்டு தீர்ப்புத்தான் சொல்லுவினம். "மேல இன்னொரு கோட் அடிச்சு விடு" என்பது ஒன்று. "மரம் பழுதாப்போச்சு, தூக்கிப் போட்டிட்டு பிளாஸ்டிக் கதிரை எடுப்பம்" என்பது மற்றது. இரண்டும் பிழை என்பதுதான் எங்கள் கருத்து.

எங்கள் ஊர் வாசிகசாலை முற்றத்தில் நாலு முதிரை வாங்குகள் இருக்கின்றன. ஒரு திறப்பு விழாவுக்காக, வேலையைப் பொறுப்பெடுத்தவர்கள் அவற்றுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்கிற வார்னிஷ் அடிச்சினம். படங்களில் நல்ல வடிவாத்தான் இருந்தது. இரண்டு மாரி போனதும் செதில் செதிலாக வெடித்து, இடையிடையே மரம் கறுத்துப்போனது. நிர்வாகக் கூட்டத்தில் வாங்குகளை விறகுக்குக் குடுக்கிற கதை வந்தபோது நாங்கள் மறித்தோம். ஏன் மறித்தோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், வார்னிஷ் ஏன் உரிகிறது? அது மரத்துக்குள் போவதில்லை, மேலே ஒரு தோல் மாதிரி நிற்கிறது. மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், கோடையில் காய்ந்து சுருங்கும். தோல் அந்த அளவுக்கு இழுபடாது, வெடிக்கும். அதோடு, நிறமில்லாத வார்னிஷுக்கூடாக வெயிலின் கழியூதாக் கதிர் உள்ளே போய், மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் இலிக்னினைச் சிதைக்கும். பிடித்து நிற்க உறுதியான மேற்பரப்பு இல்லாமல் போனால் தோல் கழன்றுவிடும். வெடிப்புக்குள் போன மழைத்தண்ணி வெளியே வர வழியில்லாமல் உள்ளே நிற்கும். கறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கிற விஷயம். கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறுக்கமாக இருந்தால் மரம் சாகவில்லை.

இப்ப விளங்கும், ஏன் மேல இன்னொரு கோட் அடிக்கக்கூடாது எண்டு. கழன்ற தோலுக்கு மேலே பூசுகிற புதுத் தோலும் அதோடயே கழன்றுவிடும். காசும் போகும், அடுத்த முறை சுரண்ட வேண்டிய தடிப்பும் கூடும்.

ஆக, முழுவதையும் எடுக்கத்தான் வேணும். கூரான சுரண்டியை மரத்தின் ரேகை போகிற பக்கமாக இழுத்தால் உரிந்த வார்னிஷின் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு 80 இலக்க சான்ட் பேப்பர், பிறகு 120. அதற்கு மேல் வழுவழுப்பாக்கத் தேவையில்லை, அளவுக்கு மிஞ்சி மினுக்கிய மரம் எண்ணெயை உறிஞ்சாது. ஆணியைச் சுற்றியுள்ள கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாவது. ஒட்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அது வெளிக்கும். பிறகு நல்லாக் கழுவி, சில நாள் நிழலில் காயவிட வேணும்.

இதில் விளையாட்டு இல்லாத இடங்களும் உண்டு. ஒட்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்பளமும் உண்டாக்கும், முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போடுங்கள். பழைய பெயின்ற் என்றால் இன்னும் கவனம். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கான கட்டுப்பாடு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பூச்சில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக்கூடாது, சூடு காட்டி எரிக்கவும் கூடாது. டைகுளோரோமீதேன் கலந்த உரிப்பான்கள் மூடிய அறையில் ஆளைக் கொல்லக்கூடியவை. 2019 இல் அமெரிக்கா அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. எங்களுக்குச் சுரண்டியே போதும்.

திரும்பப் பூசும்போது மரத்துக்குள் இறங்கிற எண்ணெய்ப் பூச்சை எடுங்கள், கொஞ்சம் நிறம் கலந்ததாக. அந்த நிறத்துகள்தான் வெயிலை மறிக்கும். முதலில் வாங்கின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். மெல்லிசாகப் பூசி, கால் மணித்தியாலம் போல விட்டு, உறிஞ்சாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேணும். துடைக்காமல் விட்டால் அது பிசுபிசுத்து நிற்கும். கால்களின் அடிப்பகுதியை மறக்காதீர்கள், நிலத்து ஈரம் ஏறுவது அதுக்குள்ளாலதான். துடைத்த துணியைச் சுருட்டி மூலைக்குள் போடவேண்டாம். லின்சீட் எண்ணெய் பட்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிடுங்கள். இவ்வளவையும் மாரி தொடங்க முன்னம், ஐப்பசிக்கு முதலே முடிக்க வேணும்.

"எண்ணெய் எண்டா வருசா வருசம் பூச வேணுமே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஓம், பூசத்தான் வேணும். ஆனால் அதற்குச் சுரண்டத் தேவையில்லை. கழுவி, காயவிட்டு, ஒரு துணியால் எண்ணெய் தடவினால் சரி. நாலு பேர் சேர்ந்தால் ஒரு பின்னேரத்து வேலை. ஒருநாள் மினுக்கத்துக்குச் செலவழித்துவிட்டு, பிறகு திரும்பியும் பார்க்காமல் விடுவதைவிட இது மலிவு.

எங்கட பிரச்சினை உண்மையில் இதுதான். திறப்பு விழாவுக்குக் காசு சேரும், பராமரிப்புக்குச் சேராது. பூசுகிறவருக்குக் கூலி குடுப்பம், சுரண்டுகிறவருக்குக் குடுக்க மனம் வராது. "சும்மா தேய்க்கிறதுக்கு இவ்வளவோ?" என்று கேட்போம். ஆனால் வேலையின் முக்கால்வாசி அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த தச்சு ஐயாமார் ஊருக்கு ஒன்றிரண்டு பேராவது இன்னும் இருக்கினம். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழக வேண்டிய வயது எங்களுடையது.

முதிரை மெதுவாக வளர்கிற மரம். இன்று ஒன்றை வெட்டவும் ஏற்றவும் அனுமதி எடுக்க வேணும், பலகை வாங்கப் போனால் விலை தலையைச் சுற்றும். அப்படியொரு மரத்தில் செய்த வாங்கை, மேலே அடித்த வார்னிஷின் குற்றத்துக்காக விறகாக்குவது அநியாயம். உங்கள் ஊர் வாசிகசாலையிலும் கோயில் வீதியிலும் உரிந்துபோன வாங்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த கூட்டத்தில் அதை வீச வேணும் என்று ஆராவது சொன்னால், முதலில் ஒரு சுரண்டி கேளுங்கள்.