இருதரப்பு என்னும் சொல்லில் விடுபட்டவர்கள்

இந்தியாவும் இலங்கையும் 2016இல் தொடங்கி, இடையில் கைவிட்டு, 2023இல் கொழும்பில் மீண்டும் எடுத்துக்கொண்ட பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றிய செய்திகளில் ஒரு தொடர் தவறாமல் வருகிறது: 'இரு நாடுகளுக்கும் நன்மை பயக்கும்.' நமது இலக்கியச் சூழலில் இத்தகைய தொடரை யாரும் நின்று வாசிப்பதில்லை. ஒரு கவிதையின் ஒற்றைச் சொல்லுக்காக ஆறு மாதம் சண்டையிடும் நாம், வணிகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். அல்லது 'உலகமயம்' என்று ஒரு வசையை உதிர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

அந்த வாக்கியத்தின் எழுவாய் நாடு. நாடு மிளகு பறிப்பதில்லை, ஏலக்காய் உலர்த்துவதில்லை. ஆகவே நன்மை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி வாக்கியத்துக்குள் எழவே வழியில்லை. தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இந்தப் பள்ளத்தாக்கை முன்வைத்து வணிகத்தையே மறுக்க நாம் வரவில்லை. அப்படி மறுப்பது வரலாற்றைப் பொய்யாக்குவது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லே 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின் விளைச்சல்தான். 999 ஆண்டுகள், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1895இல் அணை முடிந்தது. தண்ணீர் கிழக்கே இறங்கியது. போடிநாயக்கனூரோ, மலைமேல் இடுக்கியில் விளையும் ஏலத்தைக் கீழே ஏலம் விட்டு வளர்ந்த ஊர். எல்லை கடந்த கொடுக்கல் வாங்கல் இல்லையெனில் இந்த ஊர்களின் வாழ்வு வேறாக இருந்திருக்கும்.

ஆனால் 1886இன் ஒப்பந்தம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. திருவிதாங்கூர் மனமுவந்துதான் கையொப்பமிட்டதா என்ற கேள்வி மலைக்கு மேலே இன்றுவரை அடங்கவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம் முற்றி எல்லைச் சாலைகள் அடைபட்டபோது, கருக்கலில் ஜீப் ஏறிக் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய்வந்த கூலிப்பெண்கள் வேலையிழந்தார்கள். நூற்றியிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒப்பத்தின் வழக்குச் செலவு அவர்கள் அடுப்பில் வந்து விழுந்தது.

இனி இலங்கைக்கு வருவோம். 1998 டிசம்பர் 28இல் கையொப்பமாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்பாடு, முதலில் ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களைத் துள்ளச் செய்தது. எதனால்? வனஸ்பதியாலும் செம்பாலும். இந்திய முதலீட்டாளர்களே இலங்கையில் ஆலை வைத்தார்கள். வேறு நாடுகளிலிருந்து பாமாயிலை இறக்கினார்கள். வனஸ்பதியாக்கித் தீர்வையின்றி இந்தியாவுக்கே அனுப்பினார்கள். இரு நாட்டுத் தீர்வைகளுக்கு இடையிலான வித்தியாசமே அங்கே சரக்கு. இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் அந்த வளர்ச்சி வந்த வேகத்தில் வடிந்தது. ஆனால் அட்டவணையில் அது 'முதலீடு' என்றும் 'வர்த்தகப் பெருக்கம்' என்றும்தான் பதிவானது.

மிளகின் கதை இன்னும் கூர்மையானது. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு சலுகைத் தீர்வையில் நுழைகிறது என்று மேற்குத் தொடர்ச்சி மலை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை இந்தியா நிர்ணயித்தது. குறுக்கு வழியில் வந்த சரக்குக்குப் போட்ட வேலி, மாத்தளையிலும் கண்டியிலும் உண்மையாகவே மிளகு விளைவித்த சிறு விவசாயியையும் சேர்த்தே மறித்தது. இங்கே இடுக்கிக்காரனும் அங்கே மாத்தளைக்காரனும் தோற்றார்கள். இடையில் சான்றிதழ் வாங்கி விற்றவன் எந்த நாட்டைச் சேர்ந்தவனாயினும் வென்றான். இதற்குப் பெயர் பரஸ்பர நன்மையா?

இவ்விரு அரசுகளும் கூடிப் பேசுவது நமக்குப் புதிதன்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. இரு தரப்பும் திருப்தியடைந்தன. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மனிதரைப் பங்கிட்டதும் மிளகுக்குத் தீர்வை குறைப்பதும் ஒன்றென நாம் சொல்லவில்லை. மேசையின் அமைப்பு ஒன்றே என்கிறோம்.

'மொத்தக் கணக்கில் லாபம்தானே' என்பார்கள் பொருளியல் அறிந்த நண்பர்கள். இருக்கலாம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் விலை ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஏற்றத்தின்போது பறிப்புக்கூலி ஏழு மடங்காகவில்லை. இறக்கத்தின்போது வேலைநாள் குறைந்தால் அது யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லாபம் தோட்டத்தில் தங்குகிறது, நட்டம் ஜீப்பில் ஏறிக் கீழே வருகிறது. மொத்தக் கணக்கு இதைக் காட்டாது.

எனினும் வணிக உறவு மூன்றாமவருக்கும் உதவக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. 2018இல் பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டிச் சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்தது. நமக்கு அது இழப்பு என்றே எழுதப்பட்டது. ஆனால் காய்க்குள் தங்கும் நஞ்சு, முதலில் பறிப்பவளின் மூச்சுக்குள் போகிறது. ரியாத்தின் காப்பிக் கோப்பைக்காக மருந்து குறைந்தால், போடி மெட்டில் ஏறும் பெண்ணின் நுரையீரலும் தப்பும். அயல்நாட்டு வாடிக்கையாளனின் கண்டிப்பு, உள்ளூர்ச் சட்டம் செய்யாததைச் செய்ய இயலும். ஆகவேதான் நாம் கதவை அடைக்கச் சொல்லவில்லை.

நாம் கேட்பவை மூன்று. விளைவிடச் சான்றிதழ்களைப் பொதுவெளியில் வைத்து இரு அரசுகளும் கூட்டாகச் சோதிக்க வேண்டும். சிறு விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் இரு கரையிலிருந்தும் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டும். சலுகையால் விலை சரிந்தால் ஈடுகட்டும் நிதி ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுதப்பட வேண்டும்; பின்னர் கருணையாக வழங்கப்படக் கூடாது.

இவை இல்லாமல் புதிய உடன்படிக்கை கையொப்பமானால், 'இருதரப்பு' என்ற சொல்லை யாரும் நம்மிடம் விற்க வேண்டாம். சொற்களின் எடை பார்ப்பது நமது வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்வோம்.