ஊரின் நினைவுக்கு ஒரு கல்

ஓர் ஊருக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது அவ்வூரின் பெயர்ப்பலகை. அது ஊரின் பெயரைச் சொல்லும். அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சொல்லும். அந்த மண்ணைத் திருத்தி விளைநிலமாக்கியவர் யார், அங்குள்ள கண்மாயை எவ்வாறு தூர்வாரிக் காத்தனர், மலைக்குச் சுமை ஏற்றிச் சென்ற பாதை எங்கே தொடங்கிற்று என்பவற்றை அது சொல்வதில்லை. அவற்றைச் சொல்லவும் ஊர்தோறும் கற்கள் நடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அரண்மனைக்கும் கோட்டைக்கும் வரலாறு இருப்பதைப் போலவே களத்துமேட்டுக்கும் கண்மாய்க்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு நிகழ்ந்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மாறிவரும் நிலம்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில் பொட்டிபுரம் அமைந்துள்ளது. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே சமவெளி. மலையின் மேற்புறம் பெய்யும் பருவமழையின் பெரும்பகுதி இப்பக்கம் வந்து சேர்வதில்லை. ஆதலால் இங்குள்ள மக்கள் ஒவ்வொரு துளி நீரையும் கணக்கிட்டு வாழக் கற்றவர்கள். கண்மாய், மடை, கலிங்கு, கிணறு, கமலை ஆகியவை அவ்வாழ்வின் சொற்கள். கண்மாயில் நீரைத் தேக்கி, மடை வழியே வயலுக்குப் பாய்ச்சி, மிகுந்த நீரைக் கலிங்கின் வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் ஒழுங்கு ஒரே நாளில் உருவானதன்று. பல தலைமுறையினரின் பட்டறிவும் உடலுழைப்பும் அதில் அடங்கியுள்ளன.

அந்த நிலம் இன்று மாறி வருகிறது. போடிநாயக்கனூர் போன்ற நகரங்களின் புறப்பகுதிகளில், ஏர் உழுத வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. நெல் தூற்றிய களத்தில் வீடுகள் எழுகின்றன. கமலை பூட்டிய கிணறுகள் மூடப்படுகின்றன. இதனை முற்றிலும் தவறென்று சொல்ல இயலாது. மக்களுக்கு வீடும் வேண்டும், சாலையும் வேண்டும், வேறு தொழிலும் வேண்டும். ஆயினும் வயல் மறையும்போது அதனோடு சேர்ந்து அதன் பெயரும் மறைகிறது. ஒவ்வொரு வயலுக்கும் உழவர் இட்ட பெயர் ஒன்று உண்டு. புதிய மனைப்பிரிவுக்கோ ஊரோடு தொடர்பற்ற புதுப்பெயர் சூட்டப்படுகிறது. வயல்களில் இப்போது நடப்படும் கற்கள் மனையின் நீள அகலத்தை மட்டுமே நினைவில் வைத்துள்ளன.

முன்னோர் நட்ட கல்

கல்லை நட்டு நினைவைக் காக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நட்டபின் வாழ்த்துவது வரையிலான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. அம்மரபின் மிகப் பழைய சான்றுகளுள் சில, இதே தேனி மாவட்டத்தில் கிடைத்துள்ளன. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்தலின்போது இறந்துபட்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் என அறிவிக்கிறது.

இக்கல் நமக்கு உணர்த்துவது யாது? அந்தவன் பேரரசன் அல்லன். கால்நடைகளே செல்வமாக விளங்கிய ஒரு சமூகத்தின் உறுப்பினன். கல்லில் இருப்பவை ஒரு சில சொற்களே. அடைமொழிகளோ புகழுரைகளோ இல்லை. எங்கே, எதன்பொருட்டு, யார் என்னும் மூன்று செய்திகள் மட்டுமே உள்ளன. அச்சில சொற்களே ஈராயிரம் ஆண்டுகளுக்குமேல் அவன் பெயரைக் காத்துள்ளன. எளிய மனிதரின் பெயரையும் கல்லில் எழுதலாம் என்று அன்றைய ஊரார் எண்ணினர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கல்வி பரவியுள்ள இக்காலத்தில், நம் ஊர்களில் உழுதவர், நீர் பாய்ச்சியவர், சுமந்தவர் ஆகியோரின் பெயர் பொறித்த கற்கள் எத்தனை உள்ளன?

பெயரில் மட்டும் எஞ்சிய வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்னும் ஊர்களைக் காணலாம். அங்கே தொடர்வண்டி நிலையம் எதுவும் இன்று இல்லை. மூணாற்றுத் தேயிலை, சிறு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்த காலம் ஒன்று இருந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலைமேல் இருந்த அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. பாதை போயிற்று; பெயர் மட்டும் நின்றது. அப்பெயருக்குரிய காரணத்தை அறியாமலே பலர் அங்கே சென்று மேகத்தைக் கண்டு திரும்புகின்றனர்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928ஆம் ஆண்டு தொடர்வண்டி வந்தது. மீட்டர்பாதையை அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. மீண்டும் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் போடிநாயக்கனூருக்கு வண்டி வந்து சேர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த குழந்தைகள், தம் ஊரில் தொடர்வண்டியே கண்டதில்லை. ஒரு தலைமுறைக்குள்ளேயே ஓர் ஊரின் நினைவில் இவ்வளவு பெரிய இடைவெளி விழ முடியுமானால், நூறாண்டுக்கு முற்பட்ட செய்திகள் எவ்வாறு தாமாகவே நிலைத்திருக்கும்?

இன்னொரு பாதையும் உண்டு. இப்பகுதியின் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, எல்லை கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பறித்த ஏலக்காய், போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலமையங்களில் விலைபோகிறது. காயின் எடையும் விலையும் நாள் தவறாமல் பதிவாகின்றன. பறித்த கைகளைப் பற்றிய பதிவு எங்கும் இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு எனக் கணவாய்கள் பெயர் பெற்றுள்ளன. அவற்றைக் கால்நடையாகக் கடந்து மலையைத் தோட்டமாக்கியவர்கள் பெயரற்றுப் போயினர்.

பிறர் எழுதும் ஊர்

முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மறக்கவில்லை. உழவர் வீடுகளில் அவர் படம் உண்டு. 2013ஆம் ஆண்டில் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நன்றி மறவாத மக்களின் செயல் அது, போற்றத்தக்கது. எனினும் 1895ஆம் ஆண்டு நிறைவுற்ற அந்த அணைக்காகக் கடுங்காட்டில் கல் சுமந்து, காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்களும் இருந்தனர். ஒருவருக்குச் செலுத்தும் நன்றி மற்றவரை மறப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

பொட்டிபுரத்தின் பெயர் அண்மைக் காலத்தில் உலகெங்கும் உள்ள அறிவியலாளர் நாவில் புழங்கியது. இங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2015ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. மேய்ச்சல் நிலம், நீர்நிலை, மலை ஆகியவற்றைப் பற்றிய அச்சத்தால் ஊராரும் சூழலியலாளரும் அதனை எதிர்த்தனர். அத்திட்டத்தின் நன்மை தீமையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதிலிருந்து நாம் பெறும் பாடம் வேறு. ஓர் ஊரைப் பற்றிப் பெருந்திட்டம் தீட்டுவோர் முதலில் பார்ப்பது வரைபடத்தையும் நிலப்பதிவேட்டையும்தான். மேய்ச்சல் பாதை, ஆடிமாதக் காற்றில் விதைக்கும் மானாவாரி நிலம், மழைக்கு வேண்டி வழிபடும் இடம் போன்றவை வரைபடத்தில் இரா. தன்னைப் பற்றிய பதிவைத் தானே எழுதி வைத்திருக்கும் ஊர், ஆதரிக்கும்போதும் எதிர்க்கும்போதும் சான்றோடு பேச முடியும். எழுதாத ஊரைப் பிறர் எழுதுவர்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. குடிநீருக்கும் பேருந்துக்கும் ஏங்கும் ஊருக்குக் கல் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கண்மாயின் வரத்துக்கால் எங்கிருந்து வந்தது என்பதை எழுதி நிற்கும் கல், அந்த வாய்க்காலைக் காக்கும் சான்றாகவும் ஆகும். நினைவில் இருக்கும் நீர்வழியை ஆக்கிரமிப்பது எளிதன்று. மறக்கப்பட்ட நீர்வழியே முதலில் மனையாகிறது.

இரண்டாம் மறுப்பு இதனினும் வலியது. கல் நடுவோர் தம் குலப்பெருமையையே நடுவர். அதனால் ஊர் ஒன்றுபடுவதற்கு மாறாகப் பிளவுபடும் என்பர். இவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. வலியவர் தம் பெயரைக் கல்லில் வெட்டி, மெலியவர் உழைப்பை மறைப்பது எங்கும் நிகழ்ந்துள்ளது. கல் நடாமல் விடுவதால் இத்தீமை நீங்கிவிடாது. எதை, எவர், எந்தச் சான்றைக் கொண்டு எழுதுகிறார் என்னும் ஒழுங்கை வகுப்பதே இதற்குத் தீர்வாகும்.

எவ்வாறு எழுதுவது

இலண்டன் மாநகரில், புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளின் முகப்பில் சிறு நினைவுப்பலகை பதிக்கும் திட்டம் 1866ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று, ஒருவர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருக்குப் பலகை வைக்கப்படுகிறது. உயிரோடு இருப்பவரைப் புகழ்ந்து பயன்பெறும் எண்ணத்தை இவ்விதி தடுக்கிறது. நாமும் இத்தகைய விதிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, ஒரு செய்தி கல்லில் ஏறுவதற்கு முன், முதியோர் வாய்மொழி, பழைய ஆவணம், களத்தில் உள்ள தடயம் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவதாக, எழுதப்படும் வாசகம் ஊரார் அனைவரும் கூடும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அங்கே ஊரின் கடைசித் தெருவில் வாழ்பவரும் பெண்களும் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பிருக்க வேண்டும். மூன்றாவதாக, புகழுரை தவிர்க்கப்பட வேண்டும். நான்காவதாக, உறுதிப்படாத செய்தியைக் கர்ணபரம்பரைச் செய்தி என்றே குறிக்க வேண்டும்.

இப்பணியில் மாணவர்க்குப் பெரும்பங்கு உண்டு. கமலை ஓட்டிய பாட்டனும், மலைப்பாதையில் சுமை தூக்கிய பாட்டியும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை; ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். நம் பண்பாட்டு மரபை மதித்துக் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றென இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. அக்கடமையைத் தொடங்கும் இடம் அருங்காட்சியகமாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊர் மந்தையாகவும் இருக்கலாம்.

கல் கிடைப்பதற்குச் சில காலம் ஆகலாம். முதியோரின் நினைவோ காத்திராது. ஆகவே, முதலில் எழுத வேண்டியது குறிப்பேட்டில், பிறகுதான் கல்லில். தீயன் அந்தவனுக்காகக் கல் நட்டவர் எவரென்று இன்று நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் தம் கடமையைச் செய்தனர். நம் ஊரின் கண்மாய்க்கும் களத்துக்கும் மலைப்பாதைக்கும் உரிய சொற்களைத் திரட்டி வைப்பது, இன்று நம்முன் உள்ள கடமையாகும்.